சலுகையும் தடையும்: சயான் வட்டாரத் தமிழ்ப் பெண்களின் கணிதக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மும்பையின் மத்திய இருப்புப்பாதையில் மாதுங்காவை அடுத்து வரும் நிலையம் சயான். நிலையத்தின் மேற்குப் பக்கம் தாராவியை நோக்கியது. தெற்கே மாதுங்காவும் கிழக்கே குர்லாவைக் கடந்து செம்பூரும் அமைந்துள்ளன. மூன்றிடங்களிலும் தமிழர் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். மும்பைத் தமிழ்ச் சங்கம் சயான் கிழக்கில் இயங்குகின்றது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960ஆம் ஆண்டு நிறுவிய கல்லூரி சயான் மேற்கில் உள்ளது. தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளிலிருந்து அக்கல்லூரிக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் அக்குடியிருப்புகளின் பெண்குழந்தை ஒருத்தி கணிதம் பயிலும் மாணவியாக அக்கல்லூரிக்குள் நுழைவதற்குக் கடக்க வேண்டியிருந்த தொலைவு, நடந்து கடக்கும் தொலைவன்று.

பெண்களுக்குக் கணிதம் ‘வராது’ என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அக்கருத்து எவ்வாறு தோன்றி நிலைபெற்றது என்பதை வரலாற்று முறையில் நோக்கினால், அது பெண்களின் திறன் குறித்த கண்டறிதலாகத் தெரியவில்லை. பெண்கள்மீது கொண்ட பரிவின் காரணமாக அவர்களுக்குக் கணிதத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்கு, காலப்போக்கில் அவர்களுக்கு அத்திறன் இல்லை என்பதற்கான சான்றாக மாறியது. இதனையே இக்கட்டுரை கருதுகோளாகக் கொள்கின்றது. சயான் வட்டாரத் தமிழ்ப் பெண்களின் கல்விச் சூழல் இக்கருதுகோளைச் சோதித்தறிய ஏற்ற களமாக அமைகின்றது.

மரபில் எண்ணும் பெண்ணும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் கண்களுக்கு ஒப்பிட்டுக் கூறும் மரபு தமிழில் தொன்மையானது. அக்கருத்தை உரைக்கும் கொன்றை வேந்தன் ஒரு பெண்பாற் புலவர் பெயரால் வழங்குகின்றது. ஆனால் எண் கற்பிக்கப்பட்ட இடமாகிய திண்ணைப்பள்ளி பெரிதும் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. எண்சுவடியையும் பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும் பயிற்சி அங்கு நடைபெற்றது. கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம், நெல், பொன் ஆகியவற்றை அளக்கும் தொழிலறிவை வழங்கின. அவ்வறிவு ஊர்க்கணக்கர், வணிகர் ஆகியோர் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. திண்ணைப்பள்ளிக் கணிதத்தின் சமூக வரலாற்றை விரிவாக ஆராய்ந்த செந்தில்பாபு, அளக்கும் உழைப்புக்கும் அளவையைப் பதிவு செய்யும் அதிகாரத்துக்கும் இடையில் இருந்த உறவைத் தம் நூலில் (2022) எடுத்துக்காட்டியுள்ளார்.

பள்ளிக்குச் செல்லாத பெண்கள் கணக்கறியாதவர்களாக இருந்தனர் என்று இதனால் கொள்ளலாகாது. அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதிபாதியாகக் குறைந்து செல்லும் பின்னங்கள் பெண்களின் அடுக்களையிலும் அன்றாடம் புழங்கின. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்றையும் எண்பதில் ஒன்றையும் கூட்டினால் பதினாறில் ஒன்றாகிய வீசம் கிடைக்கும் என்னும் பின்னக் கூட்டல் அந்தப் பெயரிலேயே அடங்கியுள்ளது. படி, உழக்கு, ஆழாக்கு என்னும் முகத்தலளவைகளைக் கையாண்ட பெண்கள் விகிதத்தை வாழ்க்கையில் கற்றனர். ஆனால் அவ்வறிவுக்கு ‘கணக்கு’ என்னும் பெயர் வழங்கப்படவில்லை. ‘கைப்பழக்கம்’ என்றே அது அழைக்கப்பட்டது.

வடமொழி மரபிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதி, பல கணக்குகளை ஒரு பெண்ணை விளித்துக் கேட்கின்றது. லீலாவதி அவருடைய மகள் என்றும், நாழிகைக் கலத்தில் முத்து விழுந்தமையால் திருமண முகூர்த்தம் தவறிப்போன அவளுக்கு ஆறுதலாக இந்நூலை எழுதினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. 1587இல் பைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழியாக இக்கதை பரவியது. இது வரலாறு என்று கொள்வதற்கில்லை. எனினும் திருமணம் கைகூடாத பெண்ணுக்கே கணிதம் உரியது என்னும் எண்ணத்தை அது புலப்படுத்துகின்றது. பெண்ணின் வாழ்வில் கணிதம் மாற்று ஏற்பாடாகவே கருதப்பட்டது என்பதற்கு இக்கதை தக்க சான்றாகும்.

சலுகை என்னும் பெயரில் விலக்கு

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பெண்கல்வி விரிவடைந்தபோது இவ்வெண்ணம் பாடத்திட்டமாக உருப்பெற்றது. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு இந்தியக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அக்குழுவிடம் மகாத்மா ஜோதிராவ் புலே அளித்த விண்ணப்பம், எளிய மக்களின் தொடக்கக் கல்வியை விரிவாக்க வேண்டும் என வலியுறுத்தியதோடு பெண்களின் தொடக்கக் கல்வியையும் தாராளமாகப் பரப்ப வேண்டும் எனக் கோரியது. குழுவும் பெண்கல்விக்குத் தனி உதவித்தொகைகளைப் பரிந்துரைத்தது. ஆனால் பெண்களுக்கான தொடக்கப் பள்ளிகளின் பாடத்தரம் ஆண்களுக்குரியதைவிட எளிதாக இருத்தல் வேண்டும் என்றும், அது இல்வாழ்க்கைத் தேவைகளையும் பெண்களுக்கு வாய்க்கும் தொழில்களையும் நோக்கி வகுக்கப்பட வேண்டும் என்றும் அதே குழு கூறியது. பள்ளியின் கதவைத் திறந்த ஆவணமே உள்ளே இருந்த ஓர் அறையின் கதவைச் சாத்தியது எனலாம்.

இப்பரிந்துரையில் பகைமை ஏதும் இல்லை என்பது கருதத்தக்கது. இளவயதில் திருமணம் செய்விக்கப்பட்டுச் சில ஆண்டுகளே பள்ளியில் இருக்கக்கூடிய சிறுமிகளைக் கடினமான பாடத்தால் அச்சுறுத்தி விரட்டிவிடக் கூடாது என்னும் அக்கறையே அதற்கு அடிப்படை. சீர்திருத்தச் செம்மல்களும் இவ்வக்கறையைப் பகிர்ந்துகொண்டனர். தோண்டோ கேசவ் கார்வே, ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1916இல் புனேயில் இந்திய மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். தாய்மொழியைப் பயிற்று மொழியாக்கியது அதன் அரும்பெரும் செயல். மனையியலுக்கும் உடல்நலவியலுக்கும் அதன் பாடத்திட்டத்தில் இன்றியமையா இடம் இருந்தது. கணிதம் அவ்விடத்தைப் பெறவில்லை. தாக்கர்சி குடும்பத்தின் கொடையால் எஸ்.என்.டி.டி. எனப் பெயர் பெற்ற அப்பல்கலைக்கழகம் 1936இல் பம்பாய்க்கு இடம் மாறியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பட்டம் அளித்த நிறுவனத்தின் வரலாற்றிலும் இவ்விலக்கு பதிந்திருத்தலைக் காண்கிறோம்.

சென்னை மாகாணத்திலும் பின்னர்ச் சென்னை மாநிலத்திலும் பள்ளியிறுதி வகுப்பில் கணிதம் இரு வகையாக வழங்கியது. இயற்கணிதமும் வடிவியலும் விரிவாக அமைந்தது ‘காம்போசிட்’ கணிதம். அன்றாடக் கணக்கோடு நின்றது ‘ஜெனரல்’ கணிதம். முன்னதைப் பயின்றோருக்கே அறிவியல், பொறியியல் படிப்புகளின் வாயில் திறந்தது. பதினான்கு வயதில் செய்யப்பட்ட ஒரு தெரிவு வாழ்நாள் முழுமைக்குமான தீர்ப்பாயிற்று. பெண்ணுக்கு எளிய கணக்கே போதும் என்று பெற்றோரும் ஆசிரியரும் நல்லெண்ணத்துடனேயே அத்தெரிவைச் செய்தனர். பம்பாய்க்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இம்மனப்பாங்கையும் உடன் கொண்டு வந்தன.

இரு குடியேற்றங்கள்

1896ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க்குப் பின் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகள் அதன் திட்டத்தால் குடியிருப்புகளாக வளர்ந்தன. எழுத்தர், கணக்கர், சுருக்கெழுத்தர் பணிகளுக்கு வந்த தமிழர் மாதுங்காவில் நிலைகொண்டனர். எம். வி. வெங்கடேசுவரன் முயற்சியால் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்தம் பிள்ளைகளின் கல்வித் தேவையை நிறைவு செய்தது. தாராவியின் வரலாறு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் அங்குக் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளியே பள்ளியாக இருந்தது.

சாதியாலும் வருவாயாலும் வேறுபட்ட இவ்விரு குடியேற்றங்களிலும் பெண்களின் கணிதக் கல்வி தடைப்பட்டது. தடைப்பட்ட இடங்கள் மட்டுமே வெவ்வேறு. மாதுங்காவின் பெண் பள்ளியிறுதி வகுப்பு வரை படித்தாள். அதன்பின் தட்டச்சும் சுருக்கெழுத்தும் அவளுக்குப் பொருத்தமான படிப்புகளாகக் கருதப்பட்டன. வீட்டருகில் வேலை, திருமணம் வரை வருவாய் என்னும் கணிப்பில் இயற்கணிதத்துக்கு இடமில்லை. தாராவியின் பெண் அவ்வாயில் வரையிலும் செல்ல இயலவில்லை. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல், குழாயடியில் நீர் பிடித்தல், வீட்டில் செய்யப்படும் கைத்தொழிலில் தாய்க்கு உதவுதல் ஆகியவை அவளது பள்ளி நேரத்தை விழுங்கின. முன்னவளுக்கு விலக்கு ஒரு சலுகையாக வழங்கப்பட்டது. பின்னவளுக்கு அது கேளாமலே நிகழ்ந்தது.

விலக்கை மறுத்த அறிக்கைகள்

விடுதலைக்குப் பின் இவ்விலக்கைக் கொள்கை அளவில் முதலில் உறுதியாக மறுத்தவர் ஹன்சா மேத்தா ஆவார். எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர் அவர். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பேரறிக்கையில் ‘ஆண்கள்’ எனவும் பொருள்படும் சொல்லை நீக்கி ‘மனிதப் பிறவிகள்’ என அமையச் செய்தவரும் அவரே. பெண்கல்விக்கான தேசியக் குழுமம் 1960களின் தொடக்கத்தில் ஆண், பெண் பாடத்திட்ட வேறுபாட்டை ஆராய அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அறிவுத்திறனில் இரு பாலாருக்கும் இடையே கற்பிக்கப்படும் வேறுபாடுகள் பெரிதும் சமூகத்தால் உண்டாக்கப்பட்டவை என்றும், பால் அடிப்படையில் பாடங்களை வேறுபடுத்துதல் கூடாது என்றும் அக்குழு முடிவு செய்தது.

1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக் குழு இம்முடிவை ஏற்றது. பள்ளிக் கல்வியின் முதல் பத்தாண்டுகளில் கணிதமும் அறிவியலும் அனைவருக்கும் கட்டாயமாதல் வேண்டும் என அது பரிந்துரைத்தது. உயர்நிலையில் பெண்களைக் கணிதம் பயில ஊக்குவித்தல் வேண்டும். கணிதம் கற்பிக்கும் பெண் ஆசிரியர்களை உருவாக்கத் தனி முயற்சி வேண்டும் எனவும் அறிவுறுத்தியது. மகாராட்டிரத்தில் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியின் முதல் பொதுத்தேர்வு 1975இல் நடைபெற்றது. தமிழ்நாட்டில் 1978இல் புதிய முறை நிறைவாக நடைமுறைக்கு வந்தது. பெண் என்பதற்காகக் கணிதத்தை விட்டுவிடும் வழி பத்தாம் வகுப்பு வரை அடைக்கப்பட்டது. ஹண்டர் குழுவின் சலுகையை நீக்க ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

ஆயினும் கோத்தாரி குழுவின் இரு கூறுகளுள் ஒன்றே விரைந்து நிறைவேறியது. பாடம் கட்டாயமாயிற்று, கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்கும் பணி பின்தங்கியது. ‘ஜெனரல்’ கணிதத்தோடு நின்ற தலைமுறைப் பெண்களுள் பலரே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகி, அனைவருக்கும் கட்டாயமான கணிதத்தைக் கற்பிக்க நேர்ந்தது. தாம் அஞ்சி விலகிய பாடத்தைக் கற்பிப்பவரின் அச்சம் வகுப்பறையில் வெளிப்படாமலிராது. அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் பெய்லாக் முதலியோர் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. கணித அச்சம் மிகுந்த ஆசிரியைகளின் வகுப்பில் ஆண்டிறுதியில் சிறுமிகளின் கணித அடைவு குறைந்தது. சிறுவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஒரு தலைமுறைக்கு அளித்த சலுகை அடுத்த தலைமுறைக்குத் தடையாகக் கைமாறும் வழி இதனால் விளங்கும். பெண் ஆசிரியரை அமர்த்தினால் மட்டும் போதாது. கணிதத்தில் மகிழ்ச்சி காணும் ஆசிரியரே தேவை என்பதும் பெறப்படும்.

மொழி என்னும் இரண்டாம் கதவு

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்தமை இந்திய நகராட்சிகளிடையே அரியதொரு சிறப்பு. தாராவிச் சிறுமி தன் தாய்மொழியில் கூட்டலையும் பெருக்கலையும் பின்னத்தையும் கற்க அது வழிவகுத்தது. ஆனால் பல்லாண்டுக் காலம் அத்தமிழ்வழிப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றன. எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலவழி, இந்திவழி அல்லது மராத்திவழிப் பள்ளிக்கு மாற வேண்டியிருந்தது.

இம்மாற்றம் நிகழும் பருவம் கணித நோக்கில் கருதத்தக்கது. எண்கணிதம் முடிந்து இயற்கணிதம் வலுப்பெறும் காலம் அது. எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து நிற்கின்றது. அதே ஆண்டில் ‘பின்னம்’ என்று கற்றதை மராத்தியில் ‘அபூர்ணாங்க்’ என்றும், ‘சமன்பாடு’ என்பதைச் ‘சமீகரண்’ என்றும், ‘மீச்சிறு பொது மடங்கு’ என்பதை ‘லசாவி’ என்றும் மாற்றிக் கற்க வேண்டும். பருவமெய்தும் காலமும் அதுவே. தொலைவிலுள்ள பள்ளிக்குப் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்குவதும் அப்பொழுதே. பாடத்தின் இயல்பு, பயிற்று மொழி, உடல் ஆகிய மூன்றும் ஒருசேர மாறும் ஓராண்டைக் கடக்கச் சிறுவனைவிடச் சிறுமி கூடுதல் சுமையைச் சுமந்தாள். எட்டாம் வகுப்பில் அவள் தடுமாறியபோது, அத்தடுமாற்றத்துக்கு மொழி காரணமாகச் சொல்லப்படவில்லை. ‘பெண்ணுக்குக் கணக்கு வராது’ என்னும் பழைய விடையே ஆயத்தமாக இருந்தது.

மொழியும் கணிதமும் கொண்டுள்ள உறவு எண்ணுப்பெயர்களிலேயே புலனாகும். தமிழில் இருபத்தைந்து என்பது இருபதையும் ஐந்தையும் அவை எழுதப்படும் வரிசையிலேயே கூறுகின்றது. மராத்தியின் ‘பஞ்சவீஸ்’ ஐந்தை முன்னும் இருபதைப் பின்னும் வைக்கின்றது. இருபத்தொன்பது ‘ஏகோணதீஸ்’ ஆகி, ஒன்று குறைந்த முப்பதாக நிற்கின்றது. தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பன பத்தும் நூறும் பற்றிய ஒழுங்கிலிருந்து விலகி நிற்பவையே. ஆயின் அவை சிலவே. 2019இல் மகாராட்டிர அரசின் பாடநூல் நிறுவனமாகிய பாலபாரதி, இரண்டாம் வகுப்பு நூலில் ‘வீஸ் ஏக்’ என இருபதை முன்வைத்து எண்ணும் முறையை அறிமுகம் செய்தபோது பெரும் விவாதம் எழுந்தது. அம்மாற்றத்துக்காக வாதிட்டவர் கணிதப் பாடக் குழுவின் தலைவராக இருந்த மங்களா நார்லிகர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1960களின் நடுவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, குடும்பப் பொறுப்புகளுக்கிடையே 1981இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர், 2023இல் மறைந்தார். அவர் வேண்டிய ஒழுங்கு தாராவிச் சிறுமியின் தாய்மொழியில் முன்னரே அமைந்திருந்தது. அவள் குறையுள்ளவளாக வகுப்பறைக்கு வரவில்லை. தன்னிடம் இருந்த ஒரு வசதியை அங்கு இழந்தாள்.

செம்பூரை அடுத்த மான்குர்தில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக விளங்கிய வி. ஜி. குல்கர்னியும் உடன் பணியாற்றியோரும் 1980களில் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவரிடையே திறன் கண்டறிந்து வளர்க்கும் பணியை மேற்கொண்டனர். அடைவுக் குறைவுக்குத் திறனின்மை காரணமன்று என்பதும், பாடநூலின் மொழி முதலிய தடைகளைக் களைந்தால் அடைவு உயரும் என்பதும் அப்பணியால் தெளிவாயின.

வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

அம்மையத்தின் ஆய்வாளர்கள் 2010களில் மும்பையின் பெரியதோர் எளியோர் குடியிருப்பில் நடுநிலை வகுப்பு மாணவரின் வீட்டுத்தொழில் சார்ந்த கணித அறிவை ஆராய்ந்தனர். துணிகளில் கல் பதித்தல், ராக்கி செய்தல் போன்ற வேலைகளில் ஈடுபடும் பிள்ளைகள் பணம், எண்ணிக்கை, அளவை ஆகியவற்றை மனத்திலேயே கையாளுகின்றனர். பள்ளிப் பாடமோ அவ்வறிவைத் தொடுவதில்லை என்பதை அவ்வாய்வுகள் காட்டின.

தாராவியின் தமிழ்ப் பெண்களின் தொழில்களுக்கும் இது பொருந்தும். விடியற்காலையில் நகரெங்கும் செல்லும் இட்லிக்கு முதல்நாளே அரிசியையும் உளுந்தையும் விகிதம் பார்த்துக் கலப்பவள் பெண். முறுக்கு பிழிந்து நூறு கணக்கில் அடுக்கி அடக்கவிலை பார்ப்பவளும் அவளே. டஜன் கணக்கிலும் குரோஸ் கணக்கிலும் கூலி பேசும் வீட்டில் வளரும் சிறுமிக்குப் பன்னிரண்டின் வாய்ப்பாடும் நூற்று நாற்பத்து நான்கும் நன்கு பழகியவை. அவள் அறிந்த கணக்கைக் கணக்கு என ஒப்புக்கொள்ளும் பாடமே இல்லாதிருந்தது.

தெருவாசலில் இடும் கோலத்துக்கும் இந்நிலையே நெடுநாள் நீடித்தது. புள்ளிக் கட்டங்களுக்கிடையே இழை நெளியும் விதிகளைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் ஆராய்ந்து, 1974இல் கோலங்களை உருவாக்கும் இலக்கணங்களைக் கணிப்பொறியியல் நோக்கில் வெளியிட்டனர். மூவருள் இருவர் பெண்கள் என்பது எண்ணத்தக்கது. கைப்பழக்கம் என்று ஒதுக்கப்பட்டது முறைசார் மொழிக் கோட்பாட்டின் பொருளாக ஏற்றம் பெற்றது. கோலமிடும் சிறுமி தானே கணித அறிஞராகிவிடுவாள் என்று இதற்குப் பொருளன்று. அவள் கையிலிருந்து கோட்பாட்டுக்கு ஒரு வழி உண்டு. அவ்வழியைக் காட்டும் ஆசிரியர் வேண்டும் என்பதே பொருள்.

வழிகாட்டுதலின் தொடர்ச்சி

அவ்வாறு வழிகாட்டப்பட்ட பெண்கள் எவ்வளவு தூரம் சென்றனர் என்பதற்கு மும்பையே சான்று பகர்கின்றது. 1948இல் பிறந்த இராமன் பரிமளா, சென்னையில் சாரதா வித்தியாலயப் பெண்கள் உயர்நிலைப்பள்ளியிலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பயின்றவர். இரண்டும் பெண்களுக்கான நிறுவனங்கள். கணிதம் ஆண்களின் பாடம் என்னும் ஒப்பீட்டுக்கே அவ்வகுப்பறைகளில் இடமில்லை. பின்னர் அவர் பம்பாயின் டாட்டா நிறுவனத்தில் ஆர். ஸ்ரீதரனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1976இல் பம்பாய்ப் பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்றார். இருபடி வடிவங்கள் பற்றிய அவருடைய ஆய்வுகள் உலகப்புகழ் பெற்றன. 1987இல் கணிதத்துக்கான பட்நாகர் பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே. 2010இல் ஐதராபாத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் முழுமன்றப் பேருரை நிகழ்த்தினார்.

பரிமளாவின் மாணவி சுஜாதா இராமதுரை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் 1985இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், டாட்டா நிறுவனத்தில் பரிமளாவிடம் ஆய்வு செய்து, 2004இல் பட்நாகர் பரிசையும் 2006இல் இத்தாலியின் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் வழங்கும் இராமானுசன் பரிசையும் பெற்றார். கணிதத்தில் பட்நாகர் பரிசு பெற்ற மூன்றாம் பெண் 2019இல் அப்பரிசைப் பெற்ற நீனா குப்தா. முதல் இருவரும் ஆசிரியரும் மாணவியுமாக அமைந்தமை தற்செயலன்று. ஒருவர் முன்னே நடந்து சென்றால் பின்வருபவருக்குப் பாதை தெரிகின்றது.

மான்குர்து மையம் 2015 முதல் ஐரோப்பியப் பெண்கள் கணித ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்து அனுப்பும் பணியில் ஈடுபட்டு வருகின்றது. அம்மையம் செம்பூருக்கு அண்மையில் உள்ளது. கொலாபாவிலுள்ள டாட்டா நிறுவனமும் சயானிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு உட்பட்டதே. உலகத்தரமான கணிதம் இந்நகரிலேயே நிகழ்ந்தது. தாராவிச் சிறுமிக்கும் அதற்கும் இடைப்பட்ட படிகளே விடுபட்டிருந்தன.

திரும்பி வரும் சலுகை

வரலாறு இத்துடன் முடியவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காக ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கல்விக் குழு, கணிதம் குறித்த அச்சத்தையும் அது ஆண்களின் துறை என்னும் எண்ணத்தையும் சுட்டிக்காட்டி, பாடத்தை எளிதாக வெட்டிக் குறைப்பதினும் சிந்தனையைக் கணிதப்படுத்துவதே நோக்கமாதல் வேண்டும் என்றது. ஆயினும் அச்சத்துக்கு மருந்தாக விலக்கையே நாடும் போக்கு மறையவில்லை. மகாராட்டிர மாநில வாரியம் சில ஆண்டுகள் ‘பொதுக் கணிதம்’ என்னும் எளிய மாற்றுத் தாளை வழங்கிப் பின்னர்க் கைவிட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தை ‘அடிப்படை’, ‘தரநிலை’ என இரண்டாக்கியது. 2024இல் மகாராட்டிரத்தின் கலைத்திட்டச் சட்டகத்தில், கணிதத்திலும் அறிவியலிலும் முப்பத்தைந்துக்குக் குறைவாக, இருபதுக்கு மேல் பெற்றவரும் மேல்வகுப்புக்குச் செல்லலாம். ஆனால் அப்பாடங்களைத் தொடர இயலாது என்னும் குறிப்புச் சான்றிதழில் இடம்பெறும் என்ற பரிந்துரை காணப்பட்டது.

ஒரு பாடத்தில் பெற்ற மதிப்பெண்ணால் ஒரு பிள்ளையின் கல்வியே முறிந்துவிடக் கூடாது என்னும் நோக்கம் போற்றத்தக்கதே. இவ்வேற்பாடுகள் எவையும் பெண்களைப் பெயர் சுட்டி விலக்கவுமில்லை. எனினும் விருப்பத் தெரிவு என வரும்போது யார் எதைத் தெரிவு செய்கின்றார் என்பதை வீட்டின் எதிர்பார்ப்பும் பள்ளியின் எதிர்பார்ப்புமே முடிவு செய்கின்றன என்பதை ‘காம்போசிட்’, ‘ஜெனரல்’ காலத்து வரலாறு உணர்த்துகின்றது. தனிப்பயிற்சிக்குப் பணம் செலவிடும் வாய்ப்புள்ள குடும்பம் அதனை மகனுக்கு முதலில் ஒதுக்கும் சூழலில், எளிய வழி மகளுக்கென ஒதுங்கிவிடுதல் இயல்பாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பெண்களின் கணிதப் பின்னடைவு என வழங்கும் நிலை, 1882 முதல் பல வடிவங்களில் தொடர்ந்த விலக்குகளால் உருவானது. அவ்விலக்குகள் பரிவின் பெயரால் அளிக்கப்பட்டமையால் எதிர்ப்பின்றி நிலைத்தன. விலக்கு நீங்கிய பின்னரும் அதன் விளைவு ஆசிரியர் வழியாக அடுத்த தலைமுறைக்குச் சென்றது. தாராவி போன்ற குடியிருப்புகளில் பயிற்று மொழி முறிவு இரண்டாம் தடையாக அமைந்து, முதல் தடையின் பழியையும் மாணவி மீதே சுமத்தியது. தடைகள் களையப்பட்ட இடங்களில் பெண்கள் கணிதத்தின் உயர்நிலையை எய்தினர்.

இவற்றிலிருந்து செயலுக்கான தெளிவும் கிடைக்கின்றது. சிறுமிக்குக் கடினமாக இருப்பதால் பாடத்தை அவளிடமிருந்து அகற்றுதல் ஊக்குவிப்பு ஆகாது. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் தமிழ்க் கலைச்சொல்லையும் புதிய பயிற்று மொழியின் கலைச்சொல்லையும் அருகருகே வைத்துக் கற்பித்தல், வீட்டுத்தொழிலின் விகிதத்தையும் கோலத்தின் சமச்சீரையும் பாடத்தின் தொடக்கமாகக் கொள்ளுதல், தொடக்கநிலை ஆசிரியைகள் தாம் முன்பு அஞ்சிய கணிதத்தை மீண்டும் அச்சமின்றிப் பயில வாய்ப்பளித்தல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. சயானின் கல்லூரி வாயிலுக்கும் தாராவிக்கும் உள்ள தொலைவு சிறிது. அத்தொலைவைக் கணிதம் விரும்பும் சிறுமியர் நடந்தே கடக்கும் நாளில்தான் 1882ஆம் ஆண்டின் சலுகை முற்றாக முடிவுக்கு வந்ததாகக் கொள்ள இயலும்.